முதல் டப்பா உங்களுடையது

கேள்வி:

‘திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 38. மகளுக்கு 11, மகனுக்கு 6. மாமியாருக்கு 72 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை. காலை நாலரைக்கு எழுந்து ஒரு காபியைப் போட்டுக் குடித்துவிட்டு ஆரம்பித்தால், இட்லியோ தோசையோ ஊற்றி, சட்னி அரைத்து, சாதம், குழம்பு, பொரியல் வைத்து, அத்தைக்குத் தனியாகச் சப்பாத்தி போட்டு, நாலு டப்பா கட்டி எட்டேகாலுக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிறேன். நின்றபடியே இரண்டு தோசை, கூடவே இன்னொரு காபி. கம்பெனியில் பதினொன்றுக்கும் நாலுக்கும் டீ. டீயோடு சில நாள் பன். வீடு வர ஏழரை. ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி தோசைக்கல். காலையில் வைத்ததைச் சூடு பண்ணிக் கொடுத்தால் கணவர் தொடமாட்டார். எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின், பிள்ளைகள் மிச்சம் வைத்ததைக் கொட்ட மனசு வராமல் நான் சாப்பிட்டுவிடுவேன். மத்தியான டப்பாவும் எனக்குக் கடைசியில்தான். குழம்பு தீர்ந்திருந்தால் தயிர் ஊற்றிக்கொள்வேன். கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் ஹீமோகுளோபின் 9.6 என்றார்கள். எடை 71 கிலோ இருக்கிறேன், எனக்கு எப்படி ரத்தம் குறையும்? ஒரு மாதமாக மாதுளை ஜூஸும் பீட்ரூட்டும் சாப்பிடுகிறேன். கடையில் மாவு வாங்குகிறேன் என்று தெரிந்ததும் கூட வேலை செய்யும் அக்கா, பிள்ளைகளுக்கு விஷத்தைக் கொடுக்கிறாய் என்கிறார். எங்கள் வீட்டுக்கு ஏற்றமாதிரி ஒரு வாரத்துக்கு மெனு அட்டவணை போட்டுத் தர முடியுமா?’

பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மெனு அட்டவணை தரப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். திங்கள் இது, செவ்வாய் அது என்று எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாள்கள் எத்தனை நாள் தாங்கும் என்பது உங்களுக்கே தெரியும். முருங்கைக்காய் கிலோ என்ன விலைக்கு விற்கிறது என்று அட்டவணைக்குத் தெரியாது. தவிர, நீங்கள் சமைப்பதில் பெரிய குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. குழம்பு, பொரியல், சட்னி என்று உங்கள் வீட்டில் நாலு பேர் ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறார்கள். ஐந்தாவது ஆள் சாப்பிடுவதில்லை. ‘குழம்பு தீர்ந்திருந்தால் தயிர் ஊற்றிக்கொள்வேன்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்த 9.6. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு, 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 8 முதல் 10.9 வரை நடுத்தர நிலை. நீங்கள் அந்தக் கட்டத்தின் நடுவில் நிற்கிறீர்கள். தனியாக இல்லை, 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உங்கள் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் பாதிப்பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். படியேறினால் மூச்சு வாங்குவதையும், சாயங்காலம் பிள்ளைகள்மேல் எரிந்து விழுவதையும் வயசாகிவிட்டது, வேலை அதிகம் என்று எல்லோரும் கடந்துபோகிறோம்.

உணவியல் ஆலோசகராக இருந்துகொண்டு நானே இதைச் சொல்வது வேடிக்கையாக இருக்கலாம்: 9.6-ஐச் சாப்பாட்டால் மட்டும் 12-க்குக் கொண்டுவர முடியாது. அதற்கு இரும்புச்சத்து மாத்திரை வேண்டும், மாத்திரைக்கு முன் டாக்டர் வேண்டும். முகாமில் விரலில் குத்திப் பார்த்திருப்பார்கள். அது முதல் எச்சரிக்கை மட்டுமே. முழு ரத்தப் பரிசோதனையும், உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்குச் சொல்வதென்றால், ஹீமோகுளோபின் கல்லாவில் இருக்கும் பணம், ஃபெரிட்டின் வங்கியில் இருக்கும் பணம். வங்கி காலியானபிறகுதான் கல்லா குறையத் தொடங்கும். பி12 குறைவினாலும் ரத்தசோகை வரும் என்பதால் அதையும் பார்க்கவேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு: மாதவிலக்கு. ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒருமுறை நாப்கின் மாற்றவேண்டியிருக்கிறதா? கட்டி கட்டியாகப் போகிறதா? ஏழு நாளைத் தாண்டுகிறதா? 38 வயதில் இதெல்லாம் இருந்தால், நீங்கள் எவ்வளவு கீரை சாப்பிட்டாலும் ஒரு பக்கம் வார்க்க மறுபக்கம் ஒழுகிக்கொண்டிருக்கும். மகப்பேறு மருத்துவரைப் பார்க்காமல் தள்ளிப்போடாதீர்கள்.

இரும்புச்சத்து மாத்திரை அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகவே கிடைக்கும். காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்த்துப் போடாதீர்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதற்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்படவேண்டாம். வயிற்றைப் பிரட்டுகிறது, மலச்சிக்கல் வருகிறது என்றால் நீங்களாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மாத்திரையோ வேறு நேரமோ சொல்லுவார். ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டதும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் மூன்று மாதம்போலத் தொடர்ந்தால்தான் வங்கி நிரம்பும்.

71 கிலோ இருக்கிறேன், எப்படி ரத்தம் குறையும் என்கிறீர்கள். எடை இருந்தாலே ரத்தம் இருக்கும் என்றில்லை. உங்கள் ஒரு நாளைக் கூட்டிப் பார்த்தேன். காலை இரண்டு தோசை, மத்தியானம் தயிர்சாதம், இரவு தோசையும் பிள்ளைகள் மிச்சமும். காபி, டீ என்று ஐந்து டம்ளர். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றாலே 40 கிராம். 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எடை ஏறுவதற்கு இந்த அரிசியும் சர்க்கரையும் போதும். புரதம்? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 46 கிராம் என்கிறது. உங்கள் கணக்கு தோராயமாக 30 கிராமைச் சுற்றித்தான் வருகிறது. அதிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, காபியிலும் டீயிலும் ஊற்றும் பாலிலிருந்து வருவது. இரும்புச்சத்தின் கதை இன்னும் மோசம். அதே நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அளவின்படி ஆணுக்கு நாளைக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29. அதிகம் தேவைப்படுகிறவர் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறார்.

அதனால் நான் கேட்பது முதலில் ஒன்றுதான். காலையில் டப்பா கட்டும்போது உங்கள் டப்பாவை முதலில் கட்டுங்கள். குழம்பு கொதித்து இறங்கியதும், அடியிலிருக்கும் பருப்பைக் கரண்டியால் கிளறி மேலே கொண்டுவந்து, முதல் இரண்டு கரண்டி உங்கள் டப்பாவில். பொரியல் முதல் கை உங்களுக்கு. அதன்பிறகு மற்ற மூன்று. கடைசி டப்பாவுக்குக் குழம்பு பற்றாமல் போனால் அன்றைக்கு யாராவது ஒருவர் தயிர் ஊற்றிக்கொள்ளட்டும். ஒருநாள் உங்கள் கணவர், ஒருநாள் மகள். முதல் வாரம் கை கூசும். செய்யுங்கள்.

காபியை விடச் சொல்வேன் என்று பயந்திருப்பீர்கள். விடவேண்டாம். டீயிலும் காபியிலும் இருக்கும் சில பொருட்கள் சாப்பாட்டிலுள்ள இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. 1983-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சாப்பாட்டோடு ஒரு கப் காபி குடித்தவர்களுக்கு இரும்பு சேர்வது 39 சதவீதம் குறைந்தது. டீ குடித்தவர்களுக்கு 64 சதவீதம். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்த காபி எந்தக் கெடுதலும் செய்யவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தது, கூடவே குடித்த அளவுக்குக் கெடுத்தது. எனவே நாலரை மணிக் காபி உங்களுக்கே உங்களுக்கு, நிம்மதியாகக் குடியுங்கள். பதினொரு மணி டீ, நாலு மணி டீ இரண்டும் சாப்பாட்டிலிருந்து தள்ளித்தான் இருக்கின்றன. சர்க்கரையை மட்டும் ஒரு ஸ்பூனாக்குங்கள். ஏழரை மணி டீயும், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு என்றால் இருக்கட்டும். எட்டு மணிக்குத் தோசையோடு குடிக்கிறீர்களே, அது ஒன்றுதான் போகவேண்டும். அந்த இடத்தில் ஒரு கொய்யாத் துண்டோ அரை நெல்லிக்காயோ போட்டுக்கொள்ளுங்கள். வைட்டமின் சி இரும்பைச் சேரவைக்கும். ஆயக்குடிக் கொய்யா உங்கள் ஊர்ச் சந்தைக்கு வராத நாள் குறைவு. மாதுளைக்குக் கொடுக்கும் காசில் பாதிகூட ஆகாது.

மாதுளை என்றதும் சொல்லிவிடுகிறேன். 100 கிராம் மாதுளை முத்தில் இருக்கும் இரும்பு சுமார் 0.3 மில்லிகிராம். பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. இரண்டும் நல்ல உணவுதான், சாப்பிடுங்கள். ஆனால் நிறம் சிவப்பு என்பதற்காக ரத்தம் ஊறாது. நிஜமான சரக்கு உங்கள் கொங்குச் சமையலறையில் பரம்பரையாக இருக்கிறது, அது சிவப்பாக இல்லை. கொள்ளு 100 கிராமில் 8 மில்லிகிராமுக்கு மேல், கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல், முருங்கைக்கீரையில் நாலரை. எள்ளு, தட்டைப்பயிறு, பச்சைப்பயிறு எல்லாமே இந்தக் கூட்டம்தான். கொள்ளை ராத்திரி ஊறவைத்துக் காலையில் ஐந்தாறு விசில் விட்டால், பருப்பைக் கடைந்துகொள்ளலாம், வடித்த தண்ணீர் ரசத்துக்கு. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு சற்றுப் பிடிவாதமானது. சுலபத்தில் உடம்பில் சேராது. இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழிவதும், தக்காளியைக் கொஞ்சம் தாராளமாகப் போடுவதும் அதற்காகத்தான்.

கறி எடுக்கும் வீடா என்று நீங்கள் எழுதவில்லை. எடுப்பவர்களானால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ (மண்ணீரல்) கொஞ்சம் வாங்கி, மிளகு போட்டு வதக்கி, உங்கள் தட்டில் வையுங்கள். கறியில் இருக்கும் இரும்பு செடியில் இருப்பதைவிடப் பல மடங்கு எளிதாகச் சேரும். குழம்பு மட்டும் எனக்குப் போதும் என்று எலும்பைச் சப்பிக்கொண்டிருந்தால் ரத்தத்துக்கு ஒன்றும் வராது.

இனி நாலரை மணிக்கு வருவோம். காலை டிபன் ஒன்று, மத்தியானச் சாப்பாடு வேறு, அத்தைக்குச் சப்பாத்தி வேறு. விடிவதற்குள் மூன்று சமையல். இதில் எதற்கு ஊட்டச்சத்துக் காரணம் இருக்கிறது என்று தேடினால் ஒன்றுமில்லை. டிபனும் டப்பாவும் ஒன்றாக இருக்கக்கூடாது என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை. அரசுப் பள்ளிகளில் முதல்வரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. அங்கே என்ன போடுகிறார்கள்? உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறிச் சாம்பார். ஒரு பாத்திரம், ஒரு சாம்பார். அதைச் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகள் நன்றாகத்தான் படிக்கிறார்கள்.

உங்கள் ஊரில் இதற்கென்றே பிறந்த ஒரு சாப்பாடு இருக்கிறது: அரிசிம்பருப்பு சாதம். நான் சொல்லித் தரவேண்டியதில்லை, அளவை மட்டும் மாற்றச் சொல்கிறேன். வழக்கமாக மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு போடுவீர்கள். அதை இரண்டுக்கு ஒன்று ஆக்குங்கள். ஒன்றரை டம்ளர் அரிசிக்கு முக்கால் டம்ளர் துவரம்பருப்பு. இரண்டையும் கழுவி ஊறப்போட்டுவிட்டுக் காபி குடியுங்கள். குக்கரில் எண்ணெய் ஊற்றிக் கடுகு, சீரகம், நுணுக்கிய மிளகு, வரமிளகாய், கறிவேப்பிலை. பிறகு இரண்டு கை சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, இரண்டு தக்காளி. தக்காளி குழைந்து எண்ணெய் ஓரத்தில் கசியும்போது ஆய்ந்த முருங்கைக்கீரை ஒரு பெரிய கைப்பிடி போட்டு ஒரு புரட்டு. மஞ்சள்தூள், உப்பு, அரிசியும் பருப்பும் சேர்ந்த அளவுக்கு மூன்று மடங்கு தண்ணீர், மூன்று விசில். ஆவி அடங்கித் திறந்ததும் கரண்டியால் கிளறினால் தளதளவென்று விழவேண்டும். கெட்டியாக இருந்தால் டப்பாவில் மத்தியானம் கட்டியாகிவிடும், வெந்நீர் கொஞ்சம் விட்டுக்கொள்ளுங்கள். மேலே ஒரு ஸ்பூன் நெய். வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளி பக்கத்தில் இருந்துகொண்டு நெய் விடாமல் இதைச் சாப்பிடு என்று சொல்ல எனக்கு மனமில்லை. தொட்டுக்கொள்ள ஒரு பொரியல், இல்லையென்றால் அவித்த முட்டை. காலைத் தட்டுக்கும் மத்தியான டப்பாவுக்கும் இதேதான். வாரத்துக்கு இரண்டு நாள் இது, ஒரு நாள் பச்சைப்பயிறு போட்ட பொங்கல், ஒரு நாள் தட்டைப்பயிறும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு சாதம் என்று ஓடினால், மீதி நாளுக்கு இட்லி, தோசை இருக்கவே இருக்கிறது. கேட்ட அட்டவணைக்கு இவ்வளவுதான் என்னால் நெருங்கி வர முடியும்.

அத்தைக்குத் தனிச் சப்பாத்தி வேண்டாம் என்று சொன்னால் அவரே முதலில் எதிர்ப்பார். சர்க்கரைக்குக் கோதுமைதான் மருந்து என்று நம் ஊரில் ஆழமாகப் பதிந்துபோயிருக்கிறது. ஒரே எடை எடுத்துக்கொண்டால் அரிசியைவிடக் கோதுமை மாவில் மாவுச்சத்து கொஞ்சம்தான் குறைவு. சப்பாத்தி என்றால் எண்ணிக்கை தெரியும், சோறு என்றால் குவிந்துவிடும். வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. அதனால் அவருக்கு அதே சாதம் ஒரு சின்னக் கிண்ணம், தட்டில் பாதிக்குக் காய். காயையும் முட்டையையோ சுண்டலையோ முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வரட்டும். அந்த வரிசையில் சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாக ஏறும். என் பேச்சை நம்பவேண்டாம், அவரது ரத்தமே சொல்லட்டும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஒருநாள் சப்பாத்தி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும், இன்னொரு நாள் இப்படிச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். எந்த எண் குறைவோ அந்தச் சாப்பாடு. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவராக இருந்தால் மாவுச்சத்தைத் திடீரென்று வெட்டிக் குறைக்காதீர்கள், சர்க்கரை தாழ்ந்துவிடும். முதலில் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை. கூடவே அத்தையிடம் ஒரு வேலையும் கேளுங்கள். கீரை ஆய்வதும் சின்ன வெங்காயம் உரிப்பதும் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டே செய்கிற வேலைகள். கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகவே செய்வார்கள். நாம்தான் கேட்பதில்லை.

உங்கள் கணவர் விஷயத்துக்கு வர எனக்கும் கொஞ்சம் தயக்கம்தான். சூடு பண்ணியதைத் தொடமாட்டார் என்கிறீர்கள். ஹோட்டலில் இரவு எட்டு மணிக்கு ஊற்றுகிற சாம்பார் எத்தனை மணிக்கு வைத்தது என்று ஒருநாள் விசாரிக்கச் சொல்லுங்கள். 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்களில் வீட்டு வேலை செய்பவர்களே 26 சதவீதம்தான். அவர்களும் 97 நிமிடம். உங்கள் வீடு அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது. ‘கொஞ்சம் உதவி செய்யுங்கள்’ என்று கேட்காதீர்கள். உதவி என்றால் வேலை உங்களுடையது, அவர் வந்துபோகிறவர் என்றாகிவிடும். முழுதாக ஒரு வேலையைக் கையில் கொடுங்கள். என்னைக் கேட்டால், இரவு தோசைக்கல். மாவு, எண்ணெய், திருப்பி எல்லாம் அவர் பொறுப்பு. நீங்கள் பிள்ளைகளோடும் அத்தையோடும் உட்கார்ந்து, கல்லிலிருந்து வரும் தோசையைச் சூடாகச் சாப்பிடுகிறீர்கள். முதல் தோசை பிய்ந்து வரும், இரண்டாவது தீய்ந்து வரும். அடுப்பங்கரைக்குள் எழுந்து போய்விடாதீர்கள். நீங்கள் உட்கார்ந்து சாப்பிட்டால், பிள்ளைகள் மிச்சம் வைத்ததைத் தின்னும் பழக்கமும் தானாக விட்டுப்போகும். அவர்களுக்கு ஒவ்வொரு தோசையாக வையுங்கள், மிச்சமே வராது.

கடை மாவு விஷமில்லை. அந்த அக்காவிடம் சொல்லிவிடுங்கள். சுத்தமாக அரைக்கிற கடையா, குளிரில் வைத்து விற்கிறார்களா, புளிக்காத மாவாகத் தருகிறார்களா என்று மட்டும் பாருங்கள். நம் வீட்டிலேயே புளிக்கவைத்துக்கொள்ளலாம். கிரைண்டரில் நீங்களே ஆட்டுவது என்றால் நாலுக்கு ஒன்று உளுந்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை. முடியாத வாரம் கடையில் வாங்குவதற்காக மனம் நோகவேண்டாம். மாவைவிட எனக்கு உங்கள் சட்னிமேல்தான் குறை. வெறும் தேங்காய்ச் சட்னி என்றால் பிள்ளைகளுக்குப் புரதம் பெரிதாக ஒன்றும் போகாது. தேங்காயைப் பாதியாகக் குறைத்துப் பொட்டுக்கடலையோ வறுத்த நிலக்கடலையோ ஒரு கை சேர்த்து அரையுங்கள். அரைக்க நேரமில்லாத நாளுக்குப் பொடி. கொள்ளு, உளுந்து, கறுப்பு எள், கறிவேப்பிலை, வரமிளகாய், பூண்டு எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து, எள்ளை மட்டும் வெடித்ததும் உடனே எடுத்துவிட்டு (தீய்ந்தால் கசந்துவிடும்), ஆறியபின் கொரகொரவென்று பொடித்து வைத்தால் பதினைந்து நாளைக்குக் கவலையில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அடுப்பில் கழிக்கச் சொல்லும் ‘வாரம் முழுக்க ஒரே நாளில் சமையல்’ யோசனையில் எனக்கு நம்பிக்கை இல்லை. உங்களுக்கு இருப்பதே ஒரு நாள். அன்று பொடி வறுப்பதும், கொண்டைக்கடலையை வேகவைத்து இரண்டு டப்பாவில் ஃப்ரீசரில் போடுவதும், புளிக்காய்ச்சலோ தக்காளித் தொக்கோ ஒன்று கிளறி வைப்பதும் போதும். வெந்த பருப்பு ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். அகலமான பாத்திரத்தில் ஆறவைத்து, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். எடுத்தால் தேவையான அளவு மட்டும் எடுத்து, கொதி வரும்வரை சூடாக்குங்கள். சோற்றை மட்டும் ராத்திரி முழுக்க அடுப்பு மேடையில் மூடி வைத்துக் காலையில் தாளிக்காதீர்கள். வெளியே கிடக்கும் சோற்றில் வளரும் கிருமி விடும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது, வாந்தி எடுக்கவைக்கும்.

உங்கள் மகளுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். 11 வயது, மாதவிலக்கு தொடங்கியிருக்கலாம், இல்லாவிட்டால் தொடங்கும் காலம், இரும்பு தேவை கூடும். பிள்ளைகள் இருவருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை கொடுக்கப்படுகிறதா என்று பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். தவறவிட்டிருந்தால் சுகாதார நிலையத்தில் வாங்கிக் கொடுங்கள்.

இந்த வாரத்துக்கு மூன்றே வேலை: டாக்டர், எட்டு மணிக் காபி, முதல் டப்பா. அரிசிம்பருப்பும் தோசைக்கல்லும் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதம் ஆனதும் ஹீமோகுளோபினைத் திரும்பப் பாருங்கள். 9.6 இருந்தது பத்தரையையாவது தாண்டியிருக்கவேண்டும். தாண்டவில்லை என்றால் மாத்திரை ஒழுங்காகச் சேரவில்லை, அல்லது எங்கோ ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. மறுபடி டாக்டரிடம் போங்கள், மாதுளை வாங்கப் போகாதீர்கள். ரிசல்ட் தாள் கையில் வந்ததும், அத்தையின் அந்த இரண்டு எண்களையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.